லேக் கார்டன்ஸ் வீட்டின் பச்சைச் சுவர்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஓர் அறையின் படத்தை அனுப்பி, "தீதி, இதில் என்ன குறை?" என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, வெள்ளைக் கம்பளம், முழங்காலுக்கும் கீழே ஒரு கண்ணாடி மேஜை, மூலையில் உயரமாக ஒரு செடி. படத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கேட்டுப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத லேக் கார்டன்ஸ் வீடுதான் கண்முன் வந்து நின்றது. சரி, அதையே சொல்லிவிடுகிறேன். நம் உள்அலங்கார ஸ்டூடியோவின் சுவரில் இன்னமும் அந்த அறையின் படம் மாட்டியிருக்கிறதாமே. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்களாம். அப்படியென்றால் அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இந்தக் கல்கத்தாவில் எல்லோருக்கும் வீட்டைப் புதிதாக்கும் ஆசை வந்துவிடும், தெரியும்தானே? அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் உமா போன் செய்தாள். செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலை. நம் தமிழ்க் குடும்பம். அப்பா சங்கரலிங்கம் மத்திய அரசு வேலையில் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா கோமதி. ஒரே பெண். உமாவுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. பூஜை முடிந்ததும் புறப்பட வேண்டும்.

"ஆன்ட்டி, நான் போறதுக்குள்ள அந்த டிராயிங் ரூமை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. வீடியோ கால்ல பாக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரு நல்ல ரூம்ல உக்காந்திருக்கணும். அந்த இருட்டுக்குள்ள இல்ல" என்றாள்.

இருட்டு என்று அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டாம் மாடி, தெற்குப் பார்த்த ஜன்னல், நல்ல அறை. ஆனால் கனத்த தேக்கு சோபா, சுவரை அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு ஷோகேஸ், பழுப்புத் திரைகள். உமா தன் போனில் படம் படமாகச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் வெள்ளையும் சந்தனமும். தாழ்ந்த சோபா, கண்ணாடி மேஜை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கம்பளங்கள், அறையைப் பெரிதாகக் காட்ட ஒரு ஆளுயரக் கண்ணாடி.

"தாருண் இல்ல?" என்றாள், பிரமாதம் இல்லையா என்று. அவளுக்கு மகிழ்ச்சி வந்தால் வங்காளம்தான் வரும்.

கோமதி அம்மாளுக்கும் பிடித்திருந்தது. "எல்லாத்தையும் மாத்திருவோம். இத்தன வருசமா இதத் தொடச்சித் தொடச்சி எனக்குக் கை விட்டுப் போச்சு" என்று ஷோகேஸைக் காட்டினார்.

சங்கரலிங்கம் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அது இருக்கட்டும்" என்றார்.

"அப்பா! அதுதான் முதல்ல போகணும்."

"இருக்கட்டும்னு சொல்லுதேன்லா."

நான் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். அளக்கும்போது கண் சும்மா இருக்காது. நம் வேலையில் பாதி அப்போதுதான் நடக்கிறது. பேப்பரில் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுச் சரளமாகப் படிக்கிற மனிதர், காப்பி டம்ளரை வைக்கும்போது மட்டும் புறங்கையால் மேஜையின் விளிம்பைத் தேடினார். எழுந்து உள்ளே போனபோது அவருடைய விரல்கள் ஷோகேஸின் விளிம்பைத் தடவிக்கொண்டே போயின. பாதி திறந்திருந்த கதவில் தோள் இடித்தது. "இந்தக் கதவ ஒழுங்கா மூடுங்கன்னா கேட்டாத்தானே" என்று அவரே கதவை அதட்டிவிட்டுப் போனார். கோமதி அம்மாள் அடுப்படியிலிருந்து, "அவுகளுக்கு எப்பவும் ஒரு அவசரம்" என்றார்.

நான் கிளம்பும்போது, "கீழ வரைக்கும் வாரேன்" என்று அவரும் கூட இறங்கினார். சந்தின் முனையில் ஒரு டீக்கடை. மண் குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அம்மா, அந்த ஷோகேஸை மட்டும் எடுத்துராதீங்க."

"ஏன் சார்?"

"அதப் பிடிச்சுத்தான் நான் உள்ள போறேன், வாரேன்."

அவரே தொடர்ந்தார். "நேரா இருக்கது தெரியுது. பக்கத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. ஒரு குழாய்க்குள்ள கண்ண வச்சுப் பாக்குத மாதிரி. வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளைய வச்சா சுத்தமா ஒண்ணாப் போயிருது. உமா அந்தப் படத்தக் காட்டினா பாருங்க, அதுல எங்க சோபா, எங்க சுவருன்னே எனக்குத் தெரியல."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேப்பர் படிக்கேன்லா. அதனால சந்தேகம் வரல."

"டாக்டர்கிட்டப் போகலையா?"

அவர் குவளைக்குள் பார்த்தபடி சொன்னார். "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் தொடங்குச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. தென்காசில ஒரே கட்டில்ல உக்காந்தே போய்ச் சேந்தான். நான் போனா மட்டும் வேற பதிலா சொல்லப் போறாங்க?"

"அதுக்காக வீட்ல சொல்லாம..."

"உமா போவட்டும். இப்பத் தெரிஞ்சா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுருவா. அவள எனக்குத் தெரியும்."

எனக்குக் கண் மருத்துவம் தெரியாது. ஆனால் என் பவானிபூர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணிக்கு இதே போல் இருந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டு அவர் நன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். உங்கள் அண்ணன் ஒருவேளை தாமதமாகப் போயிருப்பார், நீங்கள் இப்போதே போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் நான் அந்தப் பேரத்தைப் பேசினேன்.

"நீங்க சொல்றபடி ரூமைச் செஞ்சு தரேன். எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆனா பூஜைக்குள்ள நீங்க கண் டாக்டரைப் பாக்கணும். உமா போனதும் மேடத்துகிட்ட சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார். உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. அந்த வேகத்தைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த வாரங்கள் எனக்கும் உமாவுக்கும் இடையே நடந்த இழுபறி. அவளுடைய ஒவ்வொரு ஆசையையும் நான் மறுக்காமல் திருப்ப வேண்டியிருந்தது. வெறுமனே வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதனால் ஒவ்வொன்றுக்கும் அதைவிட அழகான ஒன்றைத் தேடினேன். நாலு சுவரும் வெள்ளை என்றாள். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை மட்டும் அடர்ந்த பச்சையாக, மழையில் நனைந்த வாழையிலை நிறத்தில் அடித்துக் காட்டினேன். அதன் முன்னால் சந்தன நிற சோபா பளிச்சென்று தெரிந்தது. "வாவ்" என்றாள். கதவு நிலைகளுக்கும் அதே பச்சை. வெள்ளைச் சுவருக்கு நடுவே கதவு எங்கே இருக்கிறது என்று எட்டத்திலிருந்தே தெரியும். சின்னக் கம்பளங்களுக்குப் பதிலாக, அறை முழுக்க ஒரே கம்பளம், ஓரத்தில் கறுப்புக் கரை, தரையோடு ஒட்டி. விளிம்பு தடுக்காது. கண்ணாடி மேஜைக்குப் பதில் சோபாவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் உயரமான வட்ட மேஜை, அடர்ந்த மரம். டம்ளரை வைக்கக் குனிந்து தேட வேண்டாம். ஷோகேஸை மெலிதாக்கி, அதே இடத்தில், அதே உயரத்தில், நீளப் பலகையாக வைத்தேன். உமா அதில் செடிகளை வைத்துக்கொண்டாள். விரல் தடவிப் போக விளிம்பு மட்டும் காலியாக இருந்தது. விளக்கு ஒன்றை நடுவில் தொங்கவிடாமல், நிழல் விழாதபடி நாலு பக்கமும் பிரித்தேன்.

தேவைக்காகச் செய்த ஒவ்வொன்றும் அழகாகவும் அமைந்துவிட்டது. என் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் உமா விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுயரக் கண்ணாடியைக் கடையிலிருந்து தானே வரவழைத்து, வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டாள். மாட்டி முடித்த சற்று நேரத்தில் சங்கரலிங்கம் வெளியிலிருந்து வந்தார். வாசலில் செருப்பை விட்டு நிமிர்ந்தவர், எதிரே பார்த்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று கைகூப்பினார்.

எதிரே இருந்தது அவரேதான்.

கோமதி அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாருங்களேன் இவுக பண்ணுத கூத்த! தனக்கே கும்பிடு போடுதாக!" உமாவும் சிரித்தாள். ஒரு நொடி அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். "வந்த ஆளு நல்ல ஆளாத் தெரிஞ்சான், அதான்" என்றார். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். கூப்பிய கைகளை அவர் கீழே இறக்கவே இல்லை.

எனக்கு அப்போதே வாயைத் திறந்துவிடலாம் என்று இருந்தது. திறக்கவில்லை. சுவரில் ஈரக்கசிவு இருக்கிறது, கண்ணாடி பாழாகிவிடும் என்று சொல்லி அன்றே கழற்ற வைத்தேன்.

வேலை முடிகிற சமயத்தில் அவரைத் தனியாகக் கேட்டேன். "போனீங்களா சார்?"

"போனேன். மெட்ரோ பக்கத்துல ஒரு டாக்டரு. சொட்டு மருந்து குடுத்திருக்காரு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார்.

"என்ன சொன்னார்?"

"நீங்க சொன்னதத்தான். விடாம விட்டா நிக்கும்னாரு."

நம்பினேன். பூஜை நெருக்கடி, இன்னும் சில வீடுகள் காத்திருந்தன, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் அந்த அறையில் நடப்பதைப் பார்த்தேன் அல்லவா, அதுதான் முக்கியக் காரணம். எதையும் தடவாமல் சோபாவுக்குப் போனார். டம்ளரை மேஜையில் நேராக வைத்தார். கதவில் இடிக்காமல் உள்ளே போய் வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த மனிதரிடம் குப்பியை வாங்கிப் பெயரைப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பூஜைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த அறையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நம் ஸ்டூடியோவுக்கு அதனால் எவ்வளவோ வேலை வந்தது. உமா கனடா போனாள். புறப்பட்ட அன்று விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அப்பா எவ்வளவு சந்தோஷமா இருக்கார் தெரியுமா? அந்த ரூம் வந்ததிலேர்ந்து ஆளே மாறிட்டார்" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் கோமதி அம்மாளிடமிருந்து போன் வந்தது. தெருவைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த ஆட்டோ சங்கரலிங்கத்தைத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. மகள் தூரத்தில், சொந்தக்காரர்கள் திருநெல்வேலியில். தமிழில் பேச ஒரு ஆள் கூட இருந்தால் போதும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். ஓடினேன்.

ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, "ஹார்ன் அடித்தேன், என்னைப் பார்க்காமலே நேராக இறங்கினார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் டாக்டர் கண்களைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். கண் டாக்டர் வங்காளி, நடுவயது, பொறுமையானவர். கண் அழுத்த நோய் என்றார். ஒரு கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மற்றதில் நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் அளவுக்கு மிச்சம், இனி மருந்து விட்டு அதை வேண்டுமானால் பிடித்துவைக்கலாம், போனது திரும்பாது என்றார்.

"இவ்வளவு தூரம் முற்றும்வரை வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா?" என்று அவர் கேட்டார். கடிந்து கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

கோமதி அம்மாள் வங்காளத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்துவிட்டார். "வீட்டுக்குள்ள நல்லாத்தானே நடந்தாக, டாக்டர்பாபு. எங்கயும் இடிச்சுக்கிடல. எதையும் தட்டிவிடல. முன்னாடியாச்சும் அங்கங்க மோதுவாக. இந்த ஒரு வருசமா அதுகூட இல்ல. சுகமாத்தானே இருந்தாக." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, நீங்களும் பாத்திருக்கீங்கள்லா?" என்றார்.

நான் டாக்டருக்கு அதை வங்காளத்தில் சொன்னேன். டீக்கடையில் பேசியதைச் சொல்லவில்லை.

கோமதி அம்மாள் மருந்து வாங்கப் போனபோது சங்கரலிங்கத்தின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார், அந்தச் சொட்டு மருந்து?"

"அது கோமதி கண்ணு உறுத்துதுன்னு வாங்கினது."

"டாக்டர்கிட்ட..."

"போகல. போகணும்னுதான் இருந்தேன். ஒரு தடவ வாசல் வரைக்கும் போனேன். பயந்துட்டுத் திரும்பிட்டேன்." அவர் என்னைத் தேடித் தலையைத் திருப்பினார். "அப்புறம் நீங்க ரூமைச் செஞ்சு குடுத்துட்டீங்க. எல்லாம் தெரிஞ்சுது. ஒண்ணுலயும் இடிக்கல. சரியாயிட்டு வருதுன்னு நெனச்சுக்கிட்டேன்மா. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

உமா லீவு போட்டு வந்தாள். அப்பாவே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார், டீக்கடையில் பேசியது உட்பட. அவள் என்னிடம் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போடவில்லை. பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கலர், டேபிள், கார்பெட், எல்லாத்துக்கும் நான் சரின்னுதானே சொன்னேன் ஆன்ட்டி? எதுக்குன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "கனடாவுக்கும் போயிருப்பேன். அவரை டாக்டர்கிட்டக் காட்டிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவளைப் பற்றி அவள் அப்பா நினைத்திருந்தது அவ்வளவு தப்பு. நானும் அவரைத்தான் நம்பினேன், அவளைக் கேட்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ரகசியத்தைக் காப்பாற்றாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் போகிறவர்கள் நாம், பலருடைய பலதும் நம் கண்ணில் படும், அதையெல்லாம் வெளியே கொட்டினால் யாரும் நமக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டின் சுவரையும் மேஜையையும் ஒருவருடைய கஷ்டத்துக்காக மாற்றுகிறோம் என்றால், அந்தக் காரணம் அந்த வீட்டாருக்குத் தெரிந்த பிறகு மாற்றுங்கள். அவரே சொல்லட்டும், அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள். அதுவரை தூரிகையை நனைக்காதீர்கள். அவர் கோபித்துக்கொள்வார். வேலையும் கைவிட்டுப் போகலாம். டீக்கடையில் நான் அப்படிச் சொல்லியிருந்தால் சங்கரலிங்கம் எனக்கு வாசலைக் காட்டியிருப்பார், உமா வேறு யாரையாவது வைத்து அறை முழுக்க வெள்ளையடித்திருப்பாள், அவர் ஒரு வாரத்தில் எதிலாவது முட்டிக்கொண்டு அகப்பட்டிருப்பார். அப்படி அகப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும். அவருக்குப் பொருந்தாத ஓர் அறை அவரைக் காப்பாற்றியிருக்கும் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

கோமதி அம்மாளைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சங்கரலிங்கம் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் போன் செய்தார். "படுக்கையறையையும் செஞ்சு குடுங்க. அவுகளுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் என்னைத் தைத்தது. "எனக்குத் தெரியாதும்மா. நீங்கதான் அவரைக் கேட்கணும்" என்றேன்.

மறுநாள் காலை திரைத்துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு போனேன். சங்கரலிங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு ஓரமாக இருந்தேன். கோமதி அம்மாள் துணிகளை ஒவ்வொன்றாகச் சுவருக்கு எதிரே பிடித்தார். அத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரிடம் அவர் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"ஏங்க, இது தெரியுதா?"

அவர் வழக்கம்போல் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"தெரியல, கோமதி."

கோமதி அம்மாள் அடுத்ததை எடுத்தார். வெளிர் மஞ்சள். "இது?"

"தெரியல."

"இது?"

"அதுவும் தெரியல."

கோமதி அம்மாள் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாத பக்கம் அது. சங்கரலிங்கம் அவர் கையைத் தேடித் துழாவினார். கோமதி அம்மாள் சற்று நேரம் கையைக் கொடுக்கவில்லை. பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு போய், அவருக்கு நேராகத் தெரிகிற இடத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப நான் தெரியுதேனா?" என்றார்.